காரைக்குடியில் வாங்கிய நடைவண்டி

பெயர்ப்பலகை இல்லை, ரசீது இல்லை, வாங்கியதைத் திருப்பி எடுக்கும் பேச்சே இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாக இருக்கும் பழைய சாமான் கடைகளில் ஒன்று அது. போன மாதம் அங்கே இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து என் மகளுக்கு மூன்று சாமான் வாங்கினேன். அவளுக்கு 14 மாதம். சின்னப் பிள்ளை சாமானுக்காக அந்தத் தெருவுக்குப் போக நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

வாசலில் எனாமல் கூஜாக்கள் தொங்கும். உள்ளே போகப் போக இருட்டு. பிள்ளைகள் சாமான் எல்லாம் கடைசி அறையில், பாதி பரண்மேல். மாமியாரைப் பார்த்ததும் கடைக்காரர் "வாங்க ஆச்சி" என்று முக்காலியை இழுத்துப் போட்டார். அத்தைக்குச் சொந்த ஊர் தேவகோட்டை. அதனால்தான் விலை குறைந்தது என்று இன்றுவரை நம்புகிறார். எனக்குச் சந்தேகம்தான்.

இந்தச் சாமான்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை அத்தைதான் சொல்லிக்கொண்டே வந்தார். பர்மாவிலும் மலேயாவிலும் போய்த் தொழில் செய்த பணத்தில் செட்டியார்கள் கட்டிய வீடுகள். பங்காளிகள் பெருகி, ஆளுக்கொரு ஊரில் போய் உட்கார்ந்த பிறகு, வீட்டைப் பிரிக்கும்போது தூணும் கதவும் முதலில் போகும். பரணைக் காலி செய்யும்போது நடைவண்டியும் சொப்பும் வெளியே வரும்.

நடைவண்டிக்கு 2,800 சொன்னார், 1,900க்குக் கொடுத்தார். மூன்று சக்கரம், முழுக்கத் தேக்கு, ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். அந்தக் கனம்தான் நான் வாங்கியதற்குக் காரணம். முன்பு இணையத்தில் வாங்கிய ஒன்று பிளைவுட். பிள்ளை கைப்பிடியைப் பிடித்து எழுந்தாலே பின்பக்கம் கவிழும். இது அசையாமல் நிற்கிறது, அவள் தள்ளினால் மட்டும் நகர்கிறது. நடுவில் பிள்ளையை உட்காரவைத்து உருளவிடும் வட்ட வாக்கரை இதோடு குழப்ப வேண்டாம். அதில் பிள்ளை படிக்கட்டு வரை வேகமாகப் போய்விடும். கனடாவில் 2004லேயே அதை விற்கத் தடை போட்டுவிட்டார்கள். நடைவண்டியில் பிள்ளை பின்னால் நின்று, பாதத்தைத் தரையில் பதித்து, தன் வேகத்தில்தான் போக முடியும். அதற்காக விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விடாதீர்கள், பக்கத்தில் ஆள் வேண்டும்.

அத்தைக்குப் பிடித்தது ஒரு கம்பித் தொட்டில். கடைசல் வேலை அவ்வளவு அழகு. 18,000. கைப்பையில் இருந்த டேப்பை எடுத்து அளந்தேன். கம்பிக்குக் கம்பி 9 செ.மீ. ஐரோப்பியத் தர அளவில் இந்த இடைவெளி ஆறரை செ.மீ.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். "நாங்கல்லாம் இதுல தூங்கி வளந்தவங்கதானம்மா" என்றார் கடைக்காரர். "சரிண்ணே, ஆனா எனக்கு வேண்டாம்" என்றேன். அத்தை கார் ஏறும் வரை பேசவில்லை.

மரக்குதிரையை விட்டுவிட்டு வந்தது எனக்கே கஷ்டமாக இருந்தது. பச்சை உடம்பு, சிவப்புச் சேணம், ஒரு காது இல்லை. ஆனால் விரலால் தடவினாலே பெயின்ட் செதில் செதிலாக வந்தது. வீட்டுப் பெயின்டில் நஞ்சான ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அந்தக் குதிரைக்கு என்ன அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? என் மகள் எதையும் முதலில் வாயில் வைத்துத்தான் பார்ப்பாள். "சுரண்டிட்டுப் புதுசா அடிச்சுத் தர்றேன்" என்றார் அண்ணன். ஈயப் பெயின்டைச் சுரண்டினால் பறக்கும் தூசு இன்னும் மோசம். ஆகவே என் கணக்கு எளிது: வெறும் மரம், இல்லையென்றால் பித்தளை. வண்ணம் பூசியதெல்லாம் அலமாரியில் வைத்துப் பார்க்க.

நூறு வருஷத்து நாற்காலி என்று ஒரு குட்டி நாற்காலியும் காட்டினார். கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் இந்தக் காலத்து நட்சத்திரத் தலை ஸ்க்ரூ, பளபளவென்று. ஒன்றும் சொல்லாமல் நிமிர்த்தி வைத்தேன், அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்கு மதிப்பெண் போடச் சொன்னால் இந்த இடத்தில் ஒன்றைக் குறைப்பேன். இங்கே எதையும் கவிழ்த்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மரப்பாச்சி ஜோடி 1,200. செம்மரம், சாயமே இல்லை. பெண் பொம்மையின் மூக்கு தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது. எந்த வீட்டுப் பிள்ளைகள் தேய்த்தார்களோ. நவராத்திரிக்குக் கொலுவில் வைக்க என்றுதான் அத்தை வாங்கச் சொன்னார். இப்போது அது என் மகளின் தலையணைக்குக் கீழே இருக்கிறது. பித்தளைச் சொப்பு 11 உருப்படி, 1,500. அதில் கரண்டியையும் சின்ன மூடிகளையும் மூன்று வயது வரை எடுத்து வைத்துவிட்டேன். அவள் வாய்க்குள் முழுசாகப் போகிற எதுவும் கைக்குக் கிடைக்கக் கூடாது. மிச்சம் இருக்கிற குண்டானிலும் அடுப்பிலுமே அவளுக்குக் காலைப் பொழுது ஓடிவிடுகிறது. பேட்டரி போட்டுப் பாடும் பசுமாட்டைச் சீந்துவதில்லை, மாடு தானாகவே எல்லாம் செய்துவிடுகிறது, இவளுக்கு அதில் வேலை இல்லை.

கட்டிக் கொடுத்தது சாக்கும் சணலும்தான், ஆனாலும் ஒரு கீறல் விழவில்லை. ஜிபே உண்டு.

ஒரே தொந்தரவு, நடைவண்டியின் முன்சக்கரம் கிறீச்சிடும். கீழ்வீட்டு மாமா இரண்டாம் நாளே படியேறி வந்தார். தேங்காய் எண்ணெய் விட்டேன், சத்தம் அடங்கியது. மகள் நாலடி தள்ளினாள், நின்றாள், குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். அப்புறம் வண்டியைத் தொடவே இல்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பழந்துணியை வைத்து எண்ணெயைத் துடைத்தெடுத்தேன். இப்போது காலை ஆறரைக்கே கிறீச் கிறீச் ஆரம்பித்துவிடுகிறது. கீழ்வீட்டு மாமாவுக்கு வாரம் ஒரு தடவை பலகாரம் போகிறது.