ஷூமானின் வயலின் கான்செர்ட்டோ: நான்கு ஒலிப்பதிவுகள், இரண்டு சிக்கல்கள்

ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான் 1853 செப்டம்பர் 11 அன்று எழுதத் தொடங்கி அக்டோபர் 3 அன்று முடித்த டி மைனர் வயலின் கான்செர்ட்டோ, அதாவது தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் மூன்று பகுதிப் படைப்பு, மேடையேற எண்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்தது. அதை எழுதிய சில மாதங்களில் அவர் ரைன் நதியில் குதித்தார். 1856-இல் எண்டனிக் மனநல விடுதியில் இறந்தார். யாருக்காக அதை எழுதினாரோ அந்த வயலின் கலைஞர் யோசப் யோவாகிமும், ஷூமானின் மனைவி கிளாராவும், நண்பரும் இசையமைப்பாளருமான பிராம்ஸும், நோய் முற்றிய மனத்தின் களைப்பு அதில் தெரிகிறது என்று எண்ணி அதை ஒதுக்கி வைத்தார்கள். யோவாகிமின் மகன் கையெழுத்துப் பிரதியை பெர்லின் அரசு நூலகத்துக்கு விற்றபோது, ஷூமான் இறந்து நூறாண்டு கழியும்வரை வெளியிடக் கூடாது என்று நிபந்தனை விதித்தார். அந்தத் தடையை மீறித்தான் 1937 நவம்பர் 26 அன்று பெர்லினில் படைப்பு முதன்முதலாக ஒலித்தது.

இதை வாசிப்பவர் எவரும் இரண்டு சிக்கல்களைச் சந்தித்தாக வேண்டும். தனி வயலின் பெரும்பாலும் தாழ்ந்த சுரங்களிலேயே உலவுவதால் இசைக்குழு அதை மூழ்கடித்துவிடுகிறது. இறுதிப் பகுதிக்கு ஷூமான் குறித்த வேகம், அதாவது நிமிடத்துக்கு 63 தாள அடிகள், அப்பகுதி பின்பற்றும் போலனேஸ் என்ற போலந்து நடனத்துக்குப் பொருந்தாத அளவுக்கு மெதுவாக, சவுக்கமாகத் தோன்றுகிறது. ஒலிப்பதிவுகளை நான் எடைபோடுவது இவ்விரண்டையும் அவை எதிர்கொண்ட விதத்தை வைத்துத்தான்.

முதல் மேடையேற்றத்தில் வாசித்த கேயார்க் கூலன்காம்ஃப், அதே ஆண்டு ஹான்ஸ் ஷ்மிட்-இஸ்ஸர்ஷ்டெட் நடத்திய பெர்லின் ஃபில்ஹார்மனிக்குடன் அதைப் பதிவும் செய்தார். முதல் சிக்கலுக்கு அவர் கண்ட வழி, வயலின் குரலையே மாற்றி எழுதிச் சில இடங்களில் உயர்ந்த ஸ்தாயிக்கு ஏற்றுவது. அவருடைய தொனி அழகானது. ஆயினும் யூத வம்சத்தில் பிறந்த இசையமைப்பாளர் மெண்டல்சோனின் வயலின் கான்செர்ட்டோவைத் தடைசெய்திருந்த நாஜி அரசு, அதன் இடத்தை நிரப்பவே இப்படைப்பை முன்னிறுத்தியது என்பதை மறந்து அந்தப் பதிவைக் கேட்க என்னால் முடிவதில்லை. இருபத்தொரு வயது வயலின் கலைஞர் மெனுஹின் 1938-இல் பார்பிரோலி நடத்திய நியூயார்க் ஃபில்ஹார்மனிக்குடன் செய்த பதிவு, ஷூமான் எழுதியதை எழுதியபடியே நம்புகிறது. ஒலித்தரம் பழையதுதான். ஆனால் மெதுவான நடுப்பகுதியில் அந்த இளைஞரின் வில்லில் இருக்கும் கனிவுக்கு இன்றும் மாற்று கிடையாது.

உண்மையான போட்டி பிந்தைய இரண்டு பதிவுகளுக்கிடையில்தான். கிடான் கிரெமர் 1994-இல் நிகோலாஸ் ஹார்னன்கோர்ட் நடத்திய ஐரோப்பியச் சேம்பர் இசைக்குழுவுடன் செய்த பதிவு, ஷூமான் குறித்த அந்த வேக எண்ணுக்குப் பணிவதையே தன் கொள்கையாகக் கொள்கிறது. இறுதிப் பகுதி முதன்முறை கேட்பவருக்கு நின்றுவிட்டதுபோல் தோன்றும். பொறுமையாக மறுமுறை கேட்டால், வேகத்தில் வெறும் விரல் பயிற்சியாகத் தேய்ந்துபோகும் சுர ஓட்டங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே எடை கொண்டு நிற்பதையும், நடனம் அரண்மனை ஊர்வலத்தின் கம்பீரத்தைப் பெறுவதையும் உணரலாம். குறை, கிரெமரின் கூரான, சற்றே உலர்ந்த தொனி. அந்த வேகத்தில் நீண்டு செல்லும் ஒலிக்குச் சூடு வேண்டும்.

இசபெல் ஃபவுஸ்ட், பாப்லோ ஹெராஸ்-கசாடோ நடத்தும் ஃபிரைபர்க் பரோக் இசைக்குழுவுடன் செய்து 2015-இல் வெளிவந்த பதிவு, கேள்வியையே மாற்றிவிடுகிறது. விலங்குக் குடலால் ஆன பழைய வகைத் தந்திகள், ஷூமான் காலத்துக் கருவிகள், சுரத்தை ஓயாமல் அசைக்காத வாசிப்பு ஆகியவை சேரும்போது, தாழ்ந்த சுரங்களில் உலவும் வயலின் மூழ்குவதில்லை. குழுவின் நடுக் குரல்களோடு பேசிக்கொண்டு போகிறது. கூலன்காம்ஃப் திருத்தி எழுத வேண்டிய அவசியமே அந்தக் காலத்துப் பெரிய குழுவின் கனத்தால் வந்ததோ என்ற ஐயம் எனக்கு இந்தப் பதிவைக் கேட்ட பிறகே எழுந்தது. நடுப்பகுதியில் செல்லோக்கள் தாளத்திலிருந்து விலகிப் படரவிடும் மெல்லிய வரியின் மேல் ஃபவுஸ்ட் நுழையும் இடம், யாருடைய கவனத்தையும் கோராமல் ஒருவர் தமக்குத்தாமே பேசிக்கொள்வதுபோல் இருக்கிறது. ரைன் நதியில் குதித்த அந்த நாள்களில், தேவதைகள் தனக்குச் சொன்னதாக எண்ணி ஷூமான் ஒரு மெட்டை எழுதி, அதைப் பலவாறு மாற்றிப் பியானோவுக்கு அமைத்தார்; அந்த மெட்டு இந்த நடுப்பகுதி மெட்டுக்கு மிக நெருக்கமானது. இதைத் தாம் முன்பே எழுதியிருந்ததை அவர் உணரவில்லை.

ஒன்றே ஒன்றை வாங்குவதானால் ஃபவுஸ்டைத் தயங்காமல் சொல்வேன். வயலினும் குழுவும் இவ்வளவு சமமாக நிற்கும் பதிவு மற்ற மூன்றில் இல்லை. ஆனால் இறுதிப் பகுதி பலவீனமானது என்று யோவாகிமைப் போலவே நம்புபவர், ஹார்னன்கோர்ட்டின் அந்தச் சவுக்கமான போலனேஸிலிருந்து தொடங்குவது நல்லது. அதுவும் நடுப்பகுதியிலிருந்து இடைவெளியின்றி இறுதிப் பகுதிக்குள் நுழையும் அந்தத் தருணத்திலிருந்தே.