மெக்கானிக்கல் ஷட்டரா, எலக்ட்ரானிக் ஷட்டரா?

மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவில் எடுத்த படத்தின் குறுக்கே கருமையான பட்டைகள் விழுந்தால், ஒளியைப் பதிவுசெய்யும் சென்சார் பழுதாகிவிட்டதோ என்று பலர் அஞ்சுகிறார்கள். பெரும்பாலும், ஒளி பதிவாகும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் ஷட்டரின் தேர்வே அதற்குக் காரணம்.

திரை எதுவும் அசையாமல் சென்சாரே ஒளிப்பதிவைத் தொடங்கி நிறுத்தும் எலக்ட்ரானிக் ஷட்டர் ஓசை எழுப்பாது என்பதால், கச்சேரி மேடைக்கும் கூச்சமுள்ள பறவைகளுக்கும் அதைவிட ஏற்றது வேறில்லை. ஆனால் பெரும்பாலான சென்சார்கள் காட்சியை வரிவரியாகப் படிக்கின்றன; 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல எல்இடி விளக்குகளின் ஒளி நொடிக்கு 100 முறை கூடிக் குறைவதால், ஒவ்வொரு வரியும் வெவ்வேறு அளவு வெளிச்சத்தைப் பெற்று, அந்த வேறுபாடு பட்டைகளாகத் தெரிகிறது. சுழலும் கிரிக்கெட் மட்டை படத்தில் வளைந்து தெரிவதும் இந்த வாசிப்புத் தாமதத்தால்தான்.

மெக்கானிக்கல் ஷட்டரின் திரைகள் சென்சாரை மிக விரைவாகக் கடப்பதால் இக்குறைகள் வெகுவாகக் குறைகின்றன; பல கேமராக்களில் ஃபிளாஷ் இயங்குவதும் இதனுடன் மட்டுமே. ஓசையும் தேய்மானமும் உண்டுதான். ஆயினும் திருமண மண்டபத்திற்கு இதையே உறுதியாகப் பரிந்துரைப்பேன்.

எலக்ட்ரானிக் ஷட்டர்தான் வேண்டும் என்ற இடத்தில், ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பட்டைகள் பெரும்பாலும் மறைந்துவிடும். மெக்கானிக்கல் ஷட்டரே இல்லாத நிக்கான் இஸட்9 போன்றவை சென்சாரை மிக வேகமாகப் படிப்பதால், அவற்றில் வளைவு பற்றிய கவலை பெரிதாக இல்லை.