மதுரைக் கடையில் வாங்கிய பிளஸ் டூ ஆய்வகச் சரக்கு: எது தேறுது, எது தேறாது

ஆக்ஸாலிக் அமிலம் முதல் தரம். உதிரியான, ஈரமில்லாத படிகம், 6.3 கிராமை 1 லிட்டராக்கினால் 0.1 நார்மல் (நார்மாலிட்டி என்பது செறிவின் அளவு) திட்டக் கரைசல், அதாவது செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசல்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் சுத்தம்தான். ஆனாலும் எடையை நம்பக்கூடாது. லிட்டருக்கு 3.2 கிராம் கரைத்து, கொதிக்கவைத்து, மறுநாள் கண்ணாடிப் பஞ்சில் வடிகட்டணும். வடிதாள் வேண்டாம், காகிதமே பெர்மாங்கனேட்டோடு வினைபுரிந்து அதை ஒடுக்கிவிடும், செறிவு குறையும். பழுப்பு பாட்டிலில் ஊற்றி, அமிலமாக்கி 60-70 டிகிரிக்குச் சூடாக்கிய ஆக்ஸாலிக் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம் பார்த்தால் உண்மையான நார்மாலிட்டி தெரியும். ஆறினால் நிறம் மறையவே நேரமாகும், பிள்ளைகள் முடிவுநிலை (வினை முடிந்து நிறம் நிலைக்கும் கட்டம்) என்று ஏமாறுவார்கள்.

மோர் உப்புதான் (ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்) சொதப்பல். வெளிர்பச்சையாக இருக்கவேண்டியது பழுப்பேறிக் கிடந்தது: அதிலுள்ள ஃபெரஸ் இரும்பு ஆக்ஸிஜனேறி ஃபெரிக் ஆகிவிட்டது, லிட்டருக்கு 39.2 கிராம் போட்டாலும் 0.1 நார்மல் வராது. நல்ல உப்பையும் வெறும் தண்ணீரில் கரைத்தால் கலங்கும். நீர்த்த சல்ஃபியூரிக் அமிலத்தில் கரைக்கணும். பாட்டிலை வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்க.