கடற்கரைப் பிள்ளைகளும் வெளிநாட்டு விருந்தாளிகளும் சேர்ந்து ஏற எந்த மலை?

வெளிநாட்டு மாணவர்கள் திருகோணமலைக்கு வந்தால் நாங்கள் கூட்டிப்போகும் இடங்கள் எப்போதும் ஒன்றுதான். நிலாவெளிக் கடற்கரை, புறாத்தீவு, கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள். எல்லாம் அருமையான இடங்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வான் வண்டியின் முன் இருக்கைகளில் விருந்தாளிகள், பின் இருக்கைகளில் நம் வளாகப் பிள்ளைகள். இறங்குவது, படம் எடுப்பது, திரும்ப ஏறி உட்காருவது. மூன்று நாள் முடிந்து பிரியும்போது பாதிப் பேருக்கு மற்றவரின் பெயர்கூடத் தெரியாது. நான் கூடப் போன இரண்டு பயணங்களில் இதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

அதனால்தான் சேர்ந்து மலை நடப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். நடக்கும்போது பக்கத்தில் வருகிற ஆள் மாறிக்கொண்டே இருப்பார். மூச்சு வாங்கும்போது ஆங்கிலம் பிழையாக வந்துவிடுமோ என்ற கூச்சம் போய்விடும். கிரிக்கெட் தெரியாத நாட்டிலிருந்து வருகிறவரை நம் அணியில் சேர்க்க முடியாது. நம் ஊர் எல்லே விளையாட்டைச் சொல்லிக்கொடுக்க ஒரு கிழமை வேண்டும். நடக்க யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பல்கலைக்கழக விளையாட்டு என்றால் பதக்கம் என்றுதான் நம் மனதில் பதிந்திருக்கிறது. சர்வதேசப் பல்கலைக்கழக விளையாட்டுச் சம்மேளனம் 1949இல் உருவானது. அது நடத்தும் உலகப் போட்டிகளுக்கு நம் பக்க வளாகங்களிலிருந்து போகக்கூடியவர்கள் மிகச் சிலர். ஆனால் 1924இல் வார்சோவில் நடந்த மாணவர் போட்டிகளின் நினைவாக யுனெஸ்கோ 2015இல் அறிவித்த சர்வதேசப் பல்கலைக்கழக விளையாட்டு தினம், செப்டெம்பர் 20, எல்லா மாணவருக்கும் உரியது. ஓடத் தெரியாத, பந்தடிக்கத் தெரியாத பிள்ளைக்கும் அந்த நாளில் ஓர் இடம் வேண்டும். மலைநடை அந்த இடத்தைத் தரும்.

சரி, எந்த மலை? மூன்று பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சிவனொளிபாதமலை, நக்கிள்ஸ், பீக்கோ டிரெயில் என்ற தேயிலைத் தோட்டப் பாதை. ஹோட்டன் சமவெளியையும் சிலர் சொல்கிறார்கள். உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளத்தைப் பார்த்துவிட்டுக் காலையிலேயே திரும்பிவிடும் இடம் அது. வான் வண்டிப் பயணத்தை விட அதிகமாக எதுவும் நடக்காது என்பதால் அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

முதலில் காற்று

மலையைத் தெரிவுசெய்யும் முன் காற்றைப் பார்க்க வேண்டும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று ஈரத்தோடு வந்து மலைகளின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்குப் பக்கம் காய்ந்து சூடாகி இறங்கும். ஆடி, ஆவணியில் நம் முகத்தில் அனலாக அடிக்கிற கச்சான் காற்று அதுதான். அதாவது நமக்குத் தொண்டை காய்கிற நாட்களில் சிவனொளிபாதமலையில் கொட்டோ கொட்டென்று மழை. மார்கழியில் வாடை என்ற வடகிழக்குக் காற்று நம் வீதிகளை வெள்ளமாக்கும்போதுதான் அங்கே யாத்திரைக் காலம் தொடங்குகிறது. டிசம்பர் போயா என்ற முழுநிலா நாளிலிருந்து மே மாத வெசாக் போயா வரை அந்தக் காலம். மற்ற மாதங்களில் படிகளில் விளக்கு இருக்காது, கடைகள் இருக்காது.

ஆகவே செப்டெம்பர் 20 என்று நாளைப் பிடித்துக்கொண்டால் சிவனொளிபாதம் தானாகவே கழன்றுவிடும். அந்தத் திகதியை விட்டுக்கொடுத்தால் அதைவிட வலுவான தெரிவு இல்லை என்று சொல்பவர்கள் பலர். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

சிவனொளிபாதமலை

2243 மீற்றர். நல்லதண்ணிப் பக்கமாக ஏறினால் ஏறத்தாழ 5500 படிகள். நள்ளிரவு கழிந்து தொடங்கினால் விடியலுக்கு உச்சியில் நிற்கலாம். கடல் மட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு உயரத்தால் தலைசுற்றல் வரும் என்று பெற்றோர் பயப்படுவார்கள். இந்த உயரத்தில் அது பொதுவாக வராது. வருத்துவது குளிரும் முழங்காலும்தான். ஏறும்போது நெஞ்சு அடிக்கும், இறங்கும்போது முழங்கால் நடுங்கும். இறக்கத்துக்குத்தான் பயிற்சி வேண்டும் என்பதைப் பலர் அங்கே போன பிறகே அறிகிறார்கள்.

பண்பாட்டுப் பரிமாற்றம் என்று பார்த்தால் இந்த மலைக்கு ஈடில்லை. உச்சியில் இருக்கும் ஒரே பாதச் சுவடு பௌத்தருக்குப் புத்தரின் பாதம், சைவருக்குச் சிவனின் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் பாதம். கிறிஸ்தவர்களில் சிலருக்குப் புனித தோமையாரின் பாதம். மொரோக்கோவிலிருந்து வந்த இபின் பதூதா 1344இல் இங்கே ஏறியிருக்கிறார். வெளிநாட்டு இளைஞர் ஒருவர் இந்த மலையில் ஏறுவது புதிய விஷயமே அல்ல.

நான் போன தடவை எங்கள் குழுவில் மூதூர்ப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். தன் உம்மும்மா இதைப் பாவா ஆதம் மலை என்றுதான் சொல்வார் என்று போலந்து மாணவி ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். இந்திகட்டுபான என்ற இடத்தில் யாத்திரிகர்கள் ஊசியில் நூல் கோத்துக் கட்டுவார்கள். அங்கே ஒரு சிங்கள ஆச்சி தன் நூல் உருண்டையின் ஒரு நுனியை அந்த இருவர் கையிலும் கொடுத்தார். மொழி எதுவும் தேவைப்படவில்லை. மேலிருந்து இறங்குகிறவர்கள் ஏறுகிறவர்களைப் பார்த்துச் சொல்லும் ‘கருணாவய்’ என்ற சொல்லை அன்றிரவு எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். கருணை என்ற நம் சொல்லின் உறவுதான் அது என்று சொன்னபோது போலந்துப் பிள்ளை அதைக் கைப்பேசியில் எழுதி வைத்துக்கொண்டாள்.

நம் மாவட்டத்துக்கும் இந்த மலைக்கும் பழைய பாதை உறவு உண்டு. சேருவிலையிலிருந்து மகாவலி ஆற்றோரமாக அந்தப் பாதம் வரை போகும் பழைய யாத்திரைப் பாதை, 2010 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தற்காலிகப் பட்டியலில் இருக்கிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி நம் கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலை, வெருகல் வழியாகக் கதிர்காமத்துக்கு நடப்பவர்களை ஆண்டுதோறும் பார்த்து வளர்ந்த ஊர் இது. நெடுந்தூரம் நடப்பது இங்கே யாருக்கும் வேடிக்கையாகத் தெரியாது.

இவ்வளவு சொல்லிவிட்டும் என் முதல் தெரிவு இதுவல்ல. இருட்டில், ஒருவர் பின் ஒருவராக, மூச்சு முட்ட ஏறும் மலை இது. ஆச்சியோடு பேசலாம், ஆனால் உங்கள் குழுவுக்குள் நான்கு மணி நேரம் பேச்சு இருக்காது. போயா நாளிலும் வார இறுதியிலும் கூட்டம் படிகளில் அப்படியே உறைந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக அது வழிபாட்டு இடம். விளையாட்டு தினப் பதாகையை விரித்துப் படம் எடுக்கிற உச்சி அல்ல. போவதென்றால் யாத்திரிகராகப் போக வேண்டும், பெப்ரவரியில், ஒரு வார நாளில், சிறு குழுவாக.

நக்கிள்ஸ்

மடக்கிய கையின் முட்டி மாதிரி இருப்பதால் வெள்ளைக்காரன் வைத்த பெயர் நக்கிள்ஸ். சிங்களத்தில் தும்பர. அதன் மிக உயர்ந்த சிகரம் கொம்பனிய, 1906 மீற்றர். சிவனொளிபாதக் காட்டோடும் ஹோட்டன் சமவெளியோடும் சேர்த்து 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. மூன்றிலும் நமக்குக் கிட்டியது இதுதான். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை தாண்டி மாத்தளைப் பக்கம் திரும்பினால் ரிவர்ஸ்டன் வந்துவிடும். செப்டெம்பரிலும் கிழக்குச் சரிவு ஓரளவு காய்ந்திருக்கும்.

இதன் பெரிய பலம் இரவு. அனுமதி எடுத்துக் கூடாரம் அடித்துத் தங்கினால், கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காத இடத்தில் இருபது வயதுப் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசாமல் என்ன செய்வார்கள்? மீமுரே ஊரின் மேலே நிற்கும் லக்கேகல மலைக்கு இராவணன் கதை உண்டு. நம்மிடம் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு இருக்கிறது, கன்னியாவின் ஏழு கிணறுகள் இருக்கின்றன. கதைக்குக் கதை கொடுத்து விடியும் வரை பேசலாம். நம் வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போக வேண்டும் என்பது என் ஆசை. காட்டோரத்தில் ஓர் இலையைக் காட்டிப் பெயரும் குணமும் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். வந்திருப்பவர் எந்தத் துறை படித்தாலும் அங்கே கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்.

ஆனால் அலைவரிசை கிடைக்காத அதே இடம்தான் ஆபத்தும். அரை மணி நேரத்தில் மூடுபனி வந்து பாதையை மறைத்துவிடும். மேலே பெய்யும் மழைக்குக் கீழே ஓடை திடீரென்று பெருகும். அட்டைகள் வேறு. காலுறைக்கு மேல் சவர்க்காரம் பூசினால் கொஞ்சம் தாக்குப் பிடிக்கலாம், முழுக்கத் தப்ப முடியாது. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூட்டிப்போவதும் சரியில்லை. நாற்பது பேர் வரும் முதல் நிகழ்ச்சிக்கு இது பொருந்தாது. இரண்டாம் ஆண்டு, நடந்து பழகிய குழுவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

தேயிலைப் பாதை

கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், அப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை. 22 கட்டங்கள். ஒரு கட்டம் சராசரியாக 14 கிலோமீற்றர், ஒரு நாள் நடை. பீக்கோ என்பது தேயிலைத் தரத்தின் பெயர். பெரும்பாலும் பழைய தோட்ட வீதிகள்தான் பாதை. இருவர் மூவர் அருகருகே நடக்கும் அகலம் பல இடங்களில் உண்டு. என் தெரிவு இந்தப் பக்கம் சாய்வதற்கு முதல் காரணமே அந்த அகலம்தான். அருகருகே நடந்தால்தான் பேச்சு வளரும்.

இது மலையேற்றமே இல்லை, வெறும் நடை என்று விளையாட்டுத் துறை நண்பர்கள் சொல்வார்கள். இரண்டு நாள் தொடர்ந்து ஏறி இறங்கி 14, 14 கிலோமீற்றர் நடந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும். சமதரையில் சைக்கிள் ஓட்டிப் பழகிய நம் கால்களுக்கு அது நல்ல வேலைதான்.

இரண்டாவது காரணம், இந்தப் பாதையில் நம் பிள்ளைகள் வீட்டுக்காரர்கள். ஆங்கிலத்தில் தயங்குகிற பிள்ளைதான் தோட்டத்து அம்மாவிடம் தமிழில் வழி கேட்டு, அவர் சொன்னதை விருந்தாளிக்கு விளக்க வேண்டும். வகுப்பில் பின்வரிசையில் இருந்தவர் அன்று முன்னால் நடப்பார். கொழுந்து பறிப்பவர்களை உயிரியல் பூங்காவில் பார்ப்பது போலப் பார்த்துப் படம் எடுக்கும் பழக்கத்தையும் நம் பிள்ளைகள்தான் நிறுத்த முடியும். “அவங்களிட்டக் கேட்டுட்டு எடுங்கோ” என்று ஒருவர் சொன்னால் போதும்.

லயன் வீடுகளைப் பின்னணியாக வைத்துப் பச்சை மலைகளைப் படம் எடுத்துவிட்டுப் போவதற்கு என் மனம் ஒப்பவில்லை. 1823 முதல் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் தலைமன்னாரில் இறங்கிக் காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பசியிலும் நோயிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 2023இல், 200 ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையகச் சமூகத்தினர் திரும்ப நடந்தார்கள். நடை என்ற ஒரே சொல்லுக்குள் நம் விருந்தாளிகளின் பொழுதுபோக்கும் இருக்கிறது, அந்த மக்களின் வரலாறும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அந்தப் பாதையில் கூட்டிப்போவது மரியாதையாகாது. திருகோணமலையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலைத் தாண்டித்தான் போகும். அங்கே ஒரு மணி நேரம் இறங்கி, இந்தக் கதையை அங்கேயே சொல்லலாம். திருகோணமலை மாவட்டத்துக்கு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை ஒருவர் குழுவில் இருந்தால், அவருக்கு விருப்பமிருந்தால், அவரே சொல்லட்டும்.

குறை இல்லையா? இருக்கிறது. ஒரே உச்சியில் எல்லோரும் சேர்ந்து நிற்கும் அந்தக் கணம் இங்கே கிடைக்காது. சிவனொளிபாதத்து விடியலைப் பார்த்தவருக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். தோட்டப் பகுதிகளில் மண்சரிவு அபாயமும் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை வந்தால் எந்த வாதமும் செய்யாமல் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். மாலையில் மழை வரும் என்று எண்ணி, நடையைக் காலை ஆறரைக்கே தொடங்கிப் பிற்பகல் இரண்டுக்குள் முடிப்பது நல்லது.

எப்படிச் செய்யலாம்

முதல் இரண்டு கட்டங்களையே எடுக்கலாம். முதல் நாள் ஹந்தானையிலிருந்து கலஹா. இரண்டாம் நாள் கலஹாவிலிருந்து லூல்கந்துர, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட தோட்டம். ஹந்தானையின் அடிவாரத்தில்தான் பேராதனைப் பல்கலைக்கழகம். அங்குள்ள மாணவர்களுக்கு ஹந்தானை முற்றம் மாதிரி. அவர்களையும் சேர்த்துக்கொண்டால் தமிழ், சிங்களம், முஸ்லிம், வெளிநாடு என்று எல்லோரும் வந்துவிடுவார்கள். இருவர் இருவராகச் சோடி சேர்த்து, அரை நாளுக்கு ஒரு தடவை சோடி மாற்றினால் இரண்டு நாளில் ஒவ்வொருவருக்கும் நான்கு பேரோடு நீண்ட பேச்சுக் கிடைக்கும். வேகம் கடைசி ஆளின் வேகம். முதலில் வந்தவருக்குப் பரிசு என்று யாரும் தொடங்கிவிடக் கூடாது.

பயிற்சிக்கு ஊரை விட்டுப் போகத் தேவையில்லை. பிற்பகல் காற்று அடங்கிய பிறகு, முதுகில் ஐந்து கிலோ அரிசிப் பையோடு, கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏறி இறங்கி, திரும்ப ஏறி இறங்கி, ஆறு கிழமை. மான்கள் பார்த்துக்கொண்டு நிற்கும். இறக்கத்தில் ஓடாமல் மெதுவாக இறங்கினால் முழங்கால் பழகிவிடும்.

இன்னொன்று, குளிருடுப்பு. திருகோணமலையில் யாரிடம் ஜக்கெட் இருக்கிறது? வருகிறவர்களுக்கு முன்கூட்டியே எழுதி, ஆளுக்கு ஒரு கம்பளிச் சட்டை மேலதிகமாகக் கொண்டுவரச் சொல்லலாம், இரவலாக. பதிலுக்கு நாங்கள் சாரமும் குடையும் கொடுப்போம்.