மாமனாருக்கு வாங்கிய டிஎன்ஏ கிட்: 5க்கு 2.5

புடாபெஸ்டில் இருக்கிற என் மாமனாரின் எழுபதாவது பிறந்தநாளுக்கு, எச்சிலை வைத்துப் பூர்வீகம் சொல்லும் கிட் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அசல் ஹங்கேரியர். "நாங்கள் அட்டிலா ரத்தம்" என்று கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் சொல்லி வருகிறவர். (அட்டிலா, ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குள் வந்த ஹூணர் கூட்டத்தின் ஐந்தாம் நூற்றாண்டு அரசர்.)

துப்புவதற்கு அரை மணி முன்னால் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. மனிதர் ஒரு மடக்கு பாலிங்கா (அந்த ஊர்ப் பழச்சாராயம்) போட்டுவிட்டுத்தான் குழாயைக் கையில் எடுத்தார். ஐந்து வாரம் கழித்து, 'மாதிரி செல்லாது' என்று மின்னஞ்சல். இரண்டாவது கிட்டை இலவசமாக அனுப்பினார்கள், அது நியாயம். ஆனால் முடிவு வருவதற்குள் பனிக்காலமே போய்விட்டது.

கிழக்கு ஐரோப்பா 71%, பால்கன் 18%, மிச்சம் ஜெர்மன் பக்கம். ஆசியா என்ற பேச்சே இல்லை. "என்னை ஸ்லோவாக்கியன் என்கிறானா?" என்று கத்தினார். மாமியார் ஸ்லோவாக்கிய வம்சம். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கிட் பொய் சொல்லவில்லை. அது ஒப்பிடுவது இன்று உயிரோடு இருக்கிறவர்களோடு. இன்றைய ஹங்கேரியர்களுக்கும் அக்கம்பக்கத்து நாட்டார்க்கும் மரபணுவில் பெரிய வித்தியாசம் கிடையாது. 895 வாக்கில் ஹங்கேரிய மொழியைக் கொண்டுவந்த மஜார்கள் வந்தபோதே அங்கே ஊரும் சனமும் இருந்தன. அப்புறம் ஆயிரத்து நூறு வருஷக் கலப்பு. மொழிதான் கெட்டியாக நின்றது. குதிரைக்கு இவர்கள் சொல்லும் 'லோ'வும் சைபீரியாவில் மான்சி என்ற பழங்குடியினர் சொல்லும் 'லூ'வும் ஒரே வேர். (அப்பாவுக்கு 'ஆபா' என்பார்கள். அதை வைத்து நாம் உறவு கொண்டாட வேண்டாம்.)

விஷயம் கல்லறைகளில் இருக்கிறது. ஹங்கேரியின் செகெட் நகர ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில் 9 ஹூணர், 143 அவார் (ஹூணருக்குப் பின், மஜார்களுக்கு முன் அங்கே ஆண்டவர்கள்), 113 மஜார் காலத்து எலும்புக்கூடுகளின் மரபணுவைப் படித்தார்கள். வந்தேறிய மஜார்களின் மையக் கூட்டம் மான்சிகளின் முன்னோரும் சர்மாத்தியர் என்ற பழைய புல்வெளி நாடோடிகளும் கலந்தது, அதன்மேல் கொஞ்சம் ஹூணர் கலப்பு என்று தெரிந்தது. ஆக, மாமனார் சொல்வது முழுப் புளுகு இல்லை. கிட்டுக்குத்தான் அது எட்டவில்லை.

என் பெரிய குறை வேறு: தந்தைவழி ஒய் குரோமோசோம் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1196இல் இறந்த மூன்றாம் பேலா மன்னரின் எலும்பிலிருந்து மஜார்களின் முதல் அரச வம்சமான ஆர்பாட் வம்சத்தின் தந்தைவழி ஆர்1ஏ என்ற ஒய் வகை என்று கண்டிருக்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து மாமனாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேறொரு இடத்தில் ஒய் சோதனைக்குப் பணம் கட்டியாயிற்று. பாலிங்கா அலமாரியைப் பூட்டிச் சாவியை மாமியார் வைத்திருக்கிறார்.