முப்பது வயதுக் கடிகாரத்துக்குப் புது முள்

என் கையில் இருக்கும் கடிகாரம் 1995 வாக்கில் செய்தது. ரோலெக்ஸ் எக்ஸ்புளோரர், மாடல் எண் 14270. 2016 ஆகஸ்ட்டில் சிங்கப்பூரில் 5,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து வாங்கினேன்; அப்போதே அதற்கு இருபது வயது கடந்திருந்தது. அன்றிலிருந்து அநேகமாகத் தினமும் கட்டுகிறேன். மழையில் நனைந்திருக்கிறது, லிஃப்ட் கதவில் இடிபட்டிருக்கிறது. கழற்ற மறந்து மாவு கரைத்த ஒரு நாள் தோசை மாவுக்குள்ளும் முங்கி எழுந்திருக்கிறது. 100 மீட்டர் தண்ணீருக்குத் தாங்கும் என்று விற்ற பொருளை உளுந்து என்ன செய்துவிடும்? (ஆனால் இந்த வயதுக் கடிகாரத்தோடு நீச்சல் குளத்தில் இறங்கும் முன் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களை மாற்றிச் சோதித்துவிடுங்கள்.)

இந்தக் காலத்துக் கடிகாரங்களை நியோ-விண்டேஜ் என்கிறார்கள். அரைப் பழசு என்று நான் சொல்வேன். இதற்கு முந்தைய மாடலான 1016-இல் அக்ரிலிக் கண்ணாடி, அதாவது பிளாஸ்டிக். சுவரில் உரசினாலே கோடு விழும். 1989-இல் வந்த 14270-இல் எளிதில் கீறல் விழாத சஃபையர் கண்ணாடி, மணிக்கு 28,800 முறை துடிக்கும் இயந்திரம். ஒளிரும் பூச்சு மட்டும் பல ஆண்டுகளுக்குப் பழைய டிரிட்டியமாகவே இருந்தது; பூச்சைத் தானே ஒளிரவைக்கும் கதிரியக்கப் பொருள் அது. டயலின் அடியில் ‘ஸ்விஸ் - டி<25’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். 25 மில்லிகியூரிக்கும் (கதிரியக்க அளவு) குறைவான டிரிட்டியம் என்று பொருள். 1998 வாக்கில், வெளிச்சத்தை வாங்கி வைத்து இருட்டில் ஒளிரும் லூமினோவா பூச்சு வந்து அதை ஓரங்கட்டியது.

டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், 12.3 ஆண்டு. 1995-இல் பூசியதில் இன்றைக்கு ஐந்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. என் டயலில் இருக்கும் கோடுகள் இருட்டில் செத்துக் கிடக்கின்றன. பகலில் அவற்றுக்கு உறைந்த நெய்யின் நிறம். அந்த நிறத்துக்காகத்தான் இவ்வளவு காசு கொடுத்தேன் என்றால் என் மனைவி இன்றும் நம்புவதில்லை.

வாங்குவதற்கு முன் ஐந்து மாதம் ஃபார் ஈஸ்ட் பிளாசா வணிக வளாகத்தில் மாடி மாடியாக ஏறி இறங்கினேன். பார்த்ததில் பாதிக்கு மேல் பாலிஷ் போட்டே தேய்ந்தவை. பட்டை மாட்டும் நான்கு காதுகளைப் பாருங்கள்; அவை ஒரே தடிமனாக, விளிம்பு கூராக இருக்க வேண்டும். பலமுறை பாலிஷ் போட்டது நக்கிய சோப்புக்கட்டி மாதிரி வழுவழுவென்று இருக்கும். இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டலாம், கண்ணாடியை மாற்றலாம், தேய்ந்துபோன எஃகை யாரும் திரும்ப வைக்க முடியாது. நான் வாங்கியதில் கீறல் ஏராளம். கடைக்காரர் இலவசமாகப் பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்றார். கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றேன்.

பட்டையைக் கழற்றினால் காதுகளுக்கு நடுவே 12 மணிப் பக்கம் மாடல் எண், 6 மணிப் பக்கம் வரிசை எண். வரிசை எண்ணின் முதல் எழுத்தை வைத்து ஆண்டைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம். எனக்குக் கிடைத்தது ‘டபிள்யூ’, அதாவது 1995 வாக்கு. இன்னொன்று: கண்ணாடியில் 6 மணிக்கு அருகே லேசரில் பொறித்த குட்டிக் கிரீடம் (ரோலெக்ஸின் சின்னம்) தெரிந்தால், கடிகாரமே போலி என்று பதற வேண்டாம்; அந்தப் பொறிப்பு இந்த மாடல் நின்ற பிறகு வந்தது, ஆகவே கண்ணாடியைப் பின்னால் யாரோ மாற்றியிருக்கலாம். பெட்டியும் அத்தாட்சிக் காகிதமும் என்னிடம் இல்லை. அதற்குக் கூடுதலாக ஆயிரம் வெள்ளி கேட்டார்கள். காகிதத்தைக் கையில் கட்ட முடியாதே.

கட்டிப் பழகுவதில் குறை சொல்ல அதிகமில்லை. 36 மில்லிமீட்டர் என் மெலிந்த கைக்கு அளவாக இருக்கிறது. சட்டைக் கைக்குள் ஒளிந்துகொள்ளும். தேதி இல்லை, முதல் மாதம் தடுமாறினேன். ஒரு நாளைக்கு நான்கு விநாடி வேகமாக ஓடும். எஃகுச் செயின்தான் ஏழை வீட்டுப் பிள்ளை: உடலோடு சேரும் துண்டுகள் உள்ளே வெற்றிடம், கொக்கி தகரத்தை மடித்தது போல இருக்கும், கையை ஆட்டினால் சலசலக்கும். நண்பரிடம் இருக்கும் 114270, அதாவது 2001-இல் இதற்கு அடுத்து வந்தது, உடலோடு சேரும் துண்டுகளின் விஷயத்தில் மேல். அன்றாடப் புழக்கத்துக்கு மட்டும் என்றால் அதையே வாங்குங்கள் என்பேன்.

இனி என் வயிற்றெரிச்சல். 2020-இல் எண்ணெய் மாற்ற ஒருவரிடம் கொடுத்தேன். வேலை சுத்தம், 700 வெள்ளி. வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்தால் இரண்டு முட்களும் பச்சையாகப் பளீரென்று எரிகின்றன, டயலோ கும்மிருட்டு. பழைய முட்களில் பூச்சு வெடித்திருந்ததாம், நல்லெண்ணத்தில் புதிது போட்டுவிட்டாராம். பழையவை எங்கே என்றேன். குப்பையில். பாலிஷ் போடாதீர்கள் என்று மூன்று முறை சொன்ன நான், முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பகல் வெளிச்சத்தில் நெய் நிறக் கோடுகளுக்கு மேல் சுண்ணாம்பு வெள்ளையில் முட்கள். மூத்தவருக்குப் புதுப் பல்செட் கட்டியது போல.

பதினான்கு மாதம் தேடி, அதே காலத்து டிரிட்டியம் முட்கள் ஒரு ஜோடியை 380 வெள்ளிக்குப் பிடித்தேன். வந்து சேர்ந்ததும் டயல் மேல் வைத்துப் பார்த்தேன். அவை ஈரமான இடத்தில் கிடந்தவை போலிருக்கிறது. நெய் அல்ல, வெல்லப்பாகு நிறம். மாட்டவில்லை.

இதற்கிடையில் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் கைபேசியைத் தேடாமல் மணி பார்க்கப் பழகியிருந்தேன். எண்கள் தெரியாவிட்டால் என்ன, இரண்டு பச்சை முட்களின் கோணமே போதும். 380 வெள்ளி முட்கள் மருந்துக் குப்பி ஒன்றில் பஞ்சு சுற்றி, அலமாரி இழுப்பறையில் இருக்கின்றன. யாராவது சரியான ஜோடி எங்கே என்று கேட்டால் எடுத்துக் காட்டுகிறேன்.