மதுரை அரவிந்த்: அம்மாவைப் பார்த்துக்கொண்ட பெண்கள்

அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்தது. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. டாக்டர்களைப் பற்றி ஊரே சொல்லும். நான் சொல்ல வருவது அங்கே வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி.

பெரும்பாலும் கிராமத்துப் பிள்ளைகள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அங்கேயே இரண்டு வருடம் பயிற்சி பெற்றவர்கள். பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, தியேட்டரில் கருவி எடுத்துக் கொடுப்பது எல்லாம் இவர்கள்தான். அதனால்தான் டாக்டரால் அறுவை சிகிச்சையில் முழுக் கவனம் வைக்க முடிகிறது.

அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வகைகளை விளக்கிய பெண் என்னிடம் பேசவில்லை, அம்மாவிடமே பேசினார். “பூ கட்டுவீங்களாம்மா, பேப்பர் படிப்பீங்களா?” என்று கேட்டார். நாங்கள் பார்த்த லென்ஸுக்கு, கிட்டத்தில் படிக்கக் கண்ணாடி தேவைப்படும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அம்மாவுக்குப் பயம் பாதி அங்கேயே போய்விட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது இன்னொருவர் சொட்டு மருந்தை என்னையே போடச் சொல்லிப் பார்த்தார். கீழ் இமையை மெல்ல இழுத்து, குப்பியின் முனை கண்ணில் படாமல் போட வேண்டும். சரியாக வரும்வரை விடவில்லை. அவ்வளவு பொறுமை!

போகிறவர்கள், வீட்டில் மருந்து போடப்போகிற ஆளையே துணைக்குக் கூட்டிப் போங்கள்.